வீட்டு வரைபடத்தைத் திருப்பி அனுப்பும்போது காரணத்தையும் எழுதுங்கள்

கட்டட அனுமதிப் பிரிவில் வீட்டு வரைபடங்களைப் பரிசீலிக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். சிறிய வீடுகளுக்கு வரைபடம் போட்டு, கம்பிக் கணக்கு பார்த்து, அனுமதிக்கான விண்ணப்பத்தைத் தயார் செய்து தருவது என் தொழில். பெரிய அடுக்குமாடி கட்டுகிற நிறுவனங்களுக்கு உங்கள் அலுவலகத்தில் வந்து பேச ஆள் இருக்கும். வாழ்நாளில் ஒரே ஒரு வீடு கட்டுகிறவருக்கும், இருக்கிற வீட்டில் ஓர் அறையைக் கூட்டிக் கட்டுகிறவருக்கும் அப்படி யாரும் இல்லை. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

ஒரு வீடு எழும்பும்போது அதைச் சுற்றி நிற்கிற எல்லோருக்கும் அந்த வீட்டில் ஏதோ ஒரு வரவு இருக்கிறது. மனை விற்றவர், ஒப்பந்தக்காரர், சிமெண்டும் கம்பியும் கொடுப்பவர், கடன் தருகிற வங்கி, கட்டணம் வாங்குகிற நான். அதில் குடியிருக்கப் போகிறவர்கள் பத்திரமாக இருப்பார்களா, பக்கத்து வீட்டுக்கு ஆபத்து வருமா என்று மட்டும் பார்க்க வேண்டிய ஒரே ஆள் நீங்கள். அந்த வேலையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனால்தான் இதைக் கேட்கிறேன். ஒரு கோப்பைத் திருப்பி அனுப்பும்போது, ஏன் அனுப்புகிறீர்கள் என்பதை வீட்டுக்காரருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் எழுதுங்கள்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மாடி வீடு ஒன்றில் கீழ்த்தளத்துச் சமையலறையையும் கூடத்தையும் ஒன்றாக்க ஒரு குடும்பம் அனுமதி கேட்டது. நடுச்சுவரை எடுக்க வேண்டும். விண்ணப்பம் திரும்பி வந்தது. "வரைபடம் விதிகளின்படி இல்லை. திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்" என்று ஒரு வரி. எந்த விதி, எந்த இடத்தில் என்று எதுவும் இல்லை. வரைந்தவர் அளவுகளைச் சரிபார்த்துத் திரும்பக் கொடுத்தார். அடுத்த முறை, பழைய அனுமதியின் நகலைக் கேட்டார்கள். அதையும் கொடுத்தார்கள். அப்புறம் வரைபடத்தில் கையெழுத்து வேறு இடத்தில் இருக்கிறது என்று திரும்பி வந்தது. அதற்குமேல் அந்தக் குடும்பம் காத்திருக்கவில்லை. ஒரு வார இறுதியில் ஆள் வைத்துச் சுவரை இடித்துவிட்டார்கள்.

அந்தச் சுவர் மேல்தளத்தின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்கும் முன் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, மேலே பீம் ஏற்றி, அந்த பீமின் இரு முனையிலும் பாரம் கீழே இறங்குவதற்கு உறுதியான இடம் அமைத்திருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டபோது கூரைத் தளம் நடுவில் தொய்ந்திருந்தது, மேல் அறையின் தரையில் மூலையிலிருந்து மூலைக்கு விரிசல் ஓடியிருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. உங்கள் ஆள் எழுதிய அந்த ஒரு வரிக்குப் பதிலாக, "இந்தச் சுவர் மேல்தளத்தைத் தாங்குகிறது. எடுத்தால் பாரம் எங்கே இறங்கும் என்ற கணக்கைக் கொடுங்கள்" என்று இருந்திருந்தால் அவர்கள் சுவரில் கை வைத்திருக்க மாட்டார்கள். அந்த வரைபடத்தைப் பார்த்தவருக்கு உண்மையிலேயே அந்தச் சந்தேகம் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வந்த சந்தேகத்தை எழுதவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் விதிப்புத்தகத்தில் இருக்கிற பெரும்பாலான விதிகளுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய காரணம் இருக்கிறது. படிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, ஒரு படியின் உயரம் ஏழே முக்கால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அதைவிட முக்கியமாக, ஒரே வரிசையில் உள்ள படிகளில் மிக உயரமானதற்கும் மிகக் குட்டையானதற்கும் உள்ள வித்தியாசம் முக்கால் அங்குலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது. சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத ஒரு வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கட்டுகிறவருக்குத் தோன்றும். முதல் இரண்டு படி ஏறியதுமே கால் அந்த உயரத்தைப் பழகிக்கொள்கிறது. அதன்பின் யாரும் படியைப் பார்த்து ஏறுவதில்லை. ஒரு படி மட்டும் மாறியிருந்தால் அங்கே தடுக்கும், இறங்கும்போது என்றால் விழ வேண்டியதுதான். இதைச் சொன்னால் எந்த மேஸ்திரிக்கும் புரியும். பெரும்பாலும் தவறு எங்கே நடக்கிறது என்றால், தரைக்கு ஓடு பதிக்கும் முன்பே படியை வார்த்துவிடுவார்கள். பிறகு கீழ்த்தரையில் ஓடும் கலவையும் ஏறி முதல் படி குட்டையாகிவிடும், மேல்தரையில் அதே கனம் ஏறி கடைசிப் படி உயர்ந்துவிடும். "தரை ஓட்டின் கனத்தையும் சேர்த்துப் படி உயரத்தைக் காட்டுங்கள்" என்று உங்கள் குறிப்பில் ஒரு வாக்கியம் இருந்தால் போதும். வெறுமனே "படிக்கட்டு விதிப்படி இல்லை" என்று எழுதினால் வரைபடம் மட்டும் திருந்தும். படி பழையபடியே வார்க்கப்படும்.

படுக்கையறை ஜன்னலும் இப்படித்தான். அதே தொகுப்பு, படுக்கையறையிலிருந்து தப்பிக்கும் வழியாக இருக்கிற ஜன்னல் திறந்தால் குறைந்தது 5.7 சதுர அடி இடைவெளி கிடைக்க வேண்டும், அகலம் 20 அங்குலத்துக்கும் உயரம் 24 அங்குலத்துக்கும் குறையக் கூடாது, அடிக்கட்டை தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. இரவில் கூடத்தில் தீப்பிடித்துக் கதவுப் பக்கம் புகை சூழ்ந்துவிட்டால் உள்ளே தூங்குகிறவர்களுக்கு ஜன்னல் ஒன்றுதான் வழி. முதுகில் காற்று உருளையோடு தீயணைப்பு வீரர் உள்ளே வரவும் அதே வழிதான். கம்பி போடலாம், ஆனால் சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்கிற மாதிரி போட வேண்டும். திருட்டுப் பயத்தில் ஜன்னல் முழுக்க அசையாத கம்பியை அடைத்து வைக்கிற பெற்றோரிடம் இந்தக் காரணத்தைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த நாளே கம்பிக்குக் கீல் வைக்கச் சொல்லிவிடுவார்கள். நான் சொல்லி அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அது உங்கள் கையெழுத்தோடு வந்தால் இன்னும் எத்தனையோ வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

விதிகள் எல்லாம் யாரோ பட்டு அனுபவித்த பிறகுதான் எழுதப்பட்டிருக்கின்றன. 1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் 18-ஆவது மாடியில் அடுப்பு பற்றவைத்தபோது எரிவாயு வெடித்தது. வெடிப்பு பெரியதல்ல. சுவர்ப் பலகைகள் ஒன்றோடொன்று சரியாகப் பிணைக்கப்படாததால் கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். ஓர் இடத்தில் வந்த சேதம் கட்டடம் முழுவதையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்ற விதி பிரிட்டனில் அதன் பிறகு வந்தது. இன்று ஒரு பொறியாளர் பீமையும் தளத்தையும் பிணைக்கும் கம்பியை வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பின்னால் அந்த நாலு உயிர் இருக்கிறது. இதை ஒரு குடும்பத்திடம் மறைக்க வேண்டிய அவசியம் என்ன?

மனையைச் சுற்றி விடச் சொல்கிற காலி இடத்தைப் பற்றித்தான் அதிகம் சண்டை வருகிறது. "என் நிலம், நான் காசு கொடுத்து வாங்கியது, அதில் கொஞ்சம் ஏன் சும்மா விட வேண்டும்" என்பது நியாயமான கேள்வி. பதிலும் நியாயமானதுதான். இரண்டு வீட்டுச் சுவரும் ஒட்டியிருந்து அவை தீத்தடுப்புச் சுவராகவும் இல்லையென்றால் தீ தாவும். பின்னாளில் பக்கத்து வீட்டுக்காரர் ஆழமாகத் தோண்டினால் உங்கள் கடைக்கால் சரியும். காற்று, வெளிச்சம், கழிவுநீர்க் குழாய் அடைத்தால் ஆள் போய் வர வழி, எல்லாமே அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. இங்கிலாந்தில் 1996-இல் வந்த பொதுச்சுவர்ச் சட்டப்படி, பக்கத்துக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அதன் கடைக்காலைவிட ஆழமாகத் தோண்டுவதாக இருந்தால் ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அண்டை வீட்டாரோடு பகையாகாமல் இருக்க எனக்குத் தெரிந்த நல்ல ஏற்பாடுகளில் இது ஒன்று.

இந்த வேலை ஒருகாலத்தில் எப்படி நடந்தது என்பதையும் நினைவுபடுத்த ஆசை. 1666 செப்டம்பரில் லண்டன் நான்கு நாள் எரிந்தது. 13,200 வீடுகள் போயின. அடுத்த ஆண்டே மறுகட்டுமானச் சட்டம் வந்தது. வெளிச்சுவர் செங்கல்லோ கல்லோதான், வீட்டுக்கு நான்கு வகை, ஒவ்வொரு வகைக்கும் இத்தனை மாடி, சுவருக்கு இத்தனை கனம் என்று அதில் தெளிவாக வகுத்தார்கள். நகரம் நியமித்த அளவையாளர்களில் ஒருவர் ராபர்ட் ஹூக். பள்ளிக்கூடத்தில் சுருள்வில் விதி படித்தோமே, அதே ஹூக்தான். கட்டணம் கட்டிய வீட்டுக்காரரின் மனைக்கு அவரோ அவருடைய சகாக்களோ நேரில் போனார்கள். சாம்பலுக்கு நடுவே எல்லையை அளந்து, முளையடித்து, சான்று எழுதிக் கொடுத்தார்கள். அண்டை வீட்டுக்காரர்கள் சண்டை போட்டால் அங்கேயே நின்று தீர்த்து வைத்தார்கள். அந்தக் காலத்தின் பெரிய விஞ்ஞானி ஒருவர் மனைக்கு மனை போய் முளை அடித்திருக்கிறார். உங்கள் வேலையின் பெருமை எனக்கு அங்கேதான் தெரிகிறது. நீங்கள் மேசைக்குப் பின்னால் மட்டும் இருந்தால் அதில் பாதிதான் மிஞ்சும்.

காரணம் சொல்லாமல் விட்டால் அந்த இடத்தை இடைத்தரகர் பிடித்துக்கொள்கிறார். அவர் விற்பது செல்வாக்கு என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். பல நேரங்களில் அவர் விற்பது வெறும் தகவல். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது, எந்தத் தாள் குறைகிறது, அலுவலர் எதைக் கேட்க நினைக்கிறார் என்பதுதான் அவருடைய சரக்கு. அந்தத் தகவலை நீங்களே இலவசமாகக் கொடுத்துவிட்டால் அவருக்கு அங்கே வேலை இல்லை. உங்கள் அலுவலகத்தின் பெயரும் கெடாது.

தாமதம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு, பெருவின் பொருளாதார அறிஞர் எர்னாண்டோ டி சோட்டோ தன் குழுவோடு கணக்கெடுத்தது கண்முன் இருக்கிறது. அந்த நாட்டில் அரசு நிலத்தில் சட்டப்படி ஒரு வீடு கட்ட அனுமதி வாங்க 6 ஆண்டு 11 மாதம் ஆனது, 52 அரசு அலுவலகங்களில் 207 படிகளைத் தாண்ட வேண்டியிருந்தது. இப்படி இருந்தால் ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? அனுமதி இல்லாமல் கட்டும். அப்படிக் கட்டிய வீட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்க ஆள் வேண்டும் என்று உண்டாக்கிய ஏற்பாடே யாரும் பார்க்காத வீடுகளைப் பெருக்கிவிடுகிறது.

சிக்கலுக்குச் சுலபமான தீர்வு என்று சில அரசுகள் மொத்தமாக மன்னித்துவிடுகின்றன. துருக்கி 2018-இல் அப்படி ஒரு பொது மன்னிப்புக் கொடுத்தது. அனுமதியில்லாத கட்டடத்தின் சொந்தக்காரர் தானே விவரத்தை அறிவித்துப் பணம் கட்டினால் பதிவுச் சான்று கிடைத்தது. நிலநடுக்கத்தைத் தாங்குமா என்பது சொந்தக்காரரின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி நிலம் 7.8 அளவில் அதிர்ந்தது. அந்த நாட்டில் மட்டும் 53,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நான் தாமதத்தைக் குறைகூறுவதால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்கிறேன் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். பரிசோதனை வேண்டும். இன்னும் கறாராக வேண்டும். எங்கே ஆபத்து இருக்கிறதோ அங்கே வேண்டும்.

உங்களிடம் ஆட்கள் குறைவு, கோப்புகள் அதிகம், நாளைக்கு ஏதாவது இடிந்தால் முதலில் கேட்பது உங்கள் கையெழுத்தைத்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் எல்லாக் கோப்புக்கும் ஒரே அளவு நேரம் செலவழிப்பது சரியில்லை என்கிறேன். கூரைக்கு மேல் சூரியத் தகடு வைப்பதும், தாங்கும் சுவரை எடுப்பதும், இருக்கிற வீட்டுக்கு மேல் ஒரு மாடி ஏற்றுவதும் ஒன்றல்ல. கலிபோர்னியாவில் வீட்டு வளாகத்தில் கட்டும் துணைக் குடியிருப்புக்கு 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முன்கூட்டியே சரிபார்த்து வைத்த மாதிரி வரைபடங்களையும் உள்ளாட்சிகள் தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். சிறிய வீடு கட்டுகிறவர் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டால் பரிசீலனை வேகமாக முடிந்துவிடும். அப்படி மிச்சமாகும் நேரத்தை மாடி ஏற்றும் கோப்புகளுக்குக் கொடுக்கலாம்.

சலுகையை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். இரண்டு மாடி வரையிலான சிறிய மர வீடுகளைக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தால் அவற்றின் கட்டமைப்புக் கணக்கைத் தனியாகப் பரிசீலிக்காமல் விடும் சலுகை அங்கே நெடுங்காலம் இருந்தது. 2025 ஏப்ரல் முதல் இரண்டு மாடி மர வீடுகளுக்கு அந்தச் சலுகை இல்லை. அங்கேயே 2005-இல் ஒரு கட்டடக் கலைஞர் நிலநடுக்கக் கணக்குகளைப் பொய்யாக எழுதியது வெளிவந்தது. அந்தக் கணக்குகள் பரிசீலனை மேசைகளைத் தாண்டித்தான் போயிருந்தன. என் தொழிலில் இருப்பவர்களை நம்புங்கள், ஆனால் கணக்கைப் பாருங்கள் என்றுதான் நானும் சொல்வேன். யாரோ போட்ட வரைபடத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புங்கள். அவர்களிடம் வீடு கட்டக் கொடுத்த குடும்பத்துக்கும் ஏன் என்று தெரியட்டும்.

மாடி ஏற்றுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். பல வீடுகளின் மொட்டை மாடியில் தூண்களின் மேல் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் ஒரு மாடி எழுப்பலாம் என்ற நம்பிக்கை அது. மழையில் அந்தக் கம்பி துருப்பிடித்து மெலிந்திருக்கும், கடைக்கால் ஒரு தளத்துக்கு மட்டும் கணக்குப் போட்டதாக இருக்கும். காசு சேர்ந்ததும் கட்டிவிடுவார்கள். வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,134 பேரைக் கொன்ற ராணா பிளாசா வீடு அல்ல, தொழிற்சாலைகள் இருந்த கட்டடம். ஆனாலும் அதில் மேல் மாடிகள் அனுமதி இல்லாமல் ஏற்றப்பட்டிருந்தன. முதல் அனுமதி கொடுக்கும்போதே, "இந்தக் கடைக்கால் இத்தனை தளத்தை மட்டுமே தாங்கும். இதற்கு மேல் ஏற்றும் முன் எங்களிடம் வாருங்கள், மண்ணையும் தூண்களையும் பார்த்துச் சொல்கிறோம்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். வீட்டுப் பத்திரத்தோடு அந்தத் தாளும் பீரோவில் இருக்கும். பிள்ளைகள் காலத்தில் மாடி எழுப்ப நினைக்கும்போது அது கையில் கிடைக்கும்.

இடத்துக்கு வருவதைப் பற்றியும் கேட்க வேண்டும். பல ஊர்களில் வீடு முடிந்து வெள்ளையடித்த பிறகு வந்து பார்க்கிறார்கள். அப்போது பார்ப்பதற்கு வண்ணம்தான் இருக்கும். பார்க்க வேண்டியதெல்லாம் மூடிவிட்டது. தூணும் பீமும் சேர்கிற இடத்தில் வளையக் கம்பிகள் நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறதா, அந்த வளையத்தின் முனை உள்பக்கமாக வளைத்துவிடப்பட்டிருக்கிறதா, கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் நடுவே காங்கிரீட் போக இடைவெளிக் கட்டைகள் வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் காங்கிரீட் கொட்டுவதற்கு முந்தைய நாள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். கடைக்கால் தோண்டியதும், கம்பி கட்டி முடித்ததும், சுவருக்குள் மின்குழாயும் தண்ணீர்க் குழாயும் பதித்துப் பூசும் முன்பும் வாருங்கள். அமெரிக்க ஊர்களில் அனுமதி அட்டையைக் கட்டுமான இடத்திலேயே மாட்டி வைக்கிறார்கள், ஒவ்வொரு கட்டமும் பார்த்த பிறகு ஆய்வாளர் அதில் கையெழுத்திடுகிறார். வீட்டுக்காரரும் மேஸ்திரியும் போகிற வருகிறவர்களும் அதைப் பார்க்கலாம். கம்பி கட்டிய கட்டத்துக்கு எதிரே கையெழுத்து இல்லையென்றால் லாரி வந்தாலும் காங்கிரீட்டைக் கொட்டவிடாமல் நிறுத்த வீட்டுக்காரருக்குத் துணிவு வரும்.

நான் கேட்பதை நீங்கள் நாளைக்கே தொடங்கலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, மென்பொருளும் தேவையில்லை. திருப்பி அனுப்பும் படிவத்தில் ஒவ்வொரு குறைக்கும் நேராக மூன்று இடம் விடுங்கள். எந்த விதி, அது எதற்காக, என்ன செய்தால் சரியாகும். முதல் பரிசீலனையிலேயே எல்லாக் குறைகளையும் எழுதிவிடுங்கள். அடுத்த முறை வரும்போது, உயிருக்கு ஆபத்தானது ஏதாவது விடுபட்டிருந்தால் தவிரப் புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை என்று உங்களுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் பார்த்தவரின் பெயரும், விளக்கம் கேட்டு வரக்கூடிய நேரமும் இருக்கட்டும். அந்த நேரத்தில் வருகிறவர் பெரும்பாலும் விதியை எதிர்த்துச் சண்டை போட வருவதில்லை, தன் வீட்டுக்கு என்ன குறை என்று தெரிந்துகொள்ளத்தான் வருகிறார்.

அப்படி ஒரு படிவம் அச்சடிக்க நினைத்தால், படிக்கட்டு, ஜன்னல், காலி இடம், தாங்கும் சுவர், மாடி ஏற்றம் ஆகியவற்றுக்கான காரணங்களை எளிய தமிழில் எழுதித் தர நான் தயார். கட்டணம் எதுவும் வேண்டாம்.

நன்றி.

இப்படிக்கு,
சிறு வீடுகளுக்கு வரைபடம் போடும் ஒரு பொறியாளர்